என்னைப் பெற்ற மகளுக்கு

பாங்னிர்துங்
செப்டம்பர் 14, 2003

என் அம்மா ஊலிபிக்காவுக்கு, உன் மகளும் உன்னைப் பெற்றவளுமான கீலா எழுதுவது.

நான் சுகம். முழங்கால் மட்டும் குளிர் வருவதை முன்கூட்டியே சொல்கிறது. நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? இக்காலுயிட்டில் உன் அறைக்குள் காற்று வருகிறதா?

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று என் தம்பி சைலாவிடம் கேட்டாயாம். உன் அப்பா தெற்கே ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டார் என்று மார்ச்சில் சொன்னது அந்தப் போன்தான். அன்றே கம்பியைப் பிடுங்கிவிட்டேன். மேலே துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. என் அப்பா கற்றுத் தந்த நம் எழுத்துதான் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு வேடிக்கை கேள். நர்ஸ் வீட்டுக்குத் தெற்கிலிருந்து ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். முழங்காலைக் காட்டப் போனேன். அவள் கேட்டதை, அங்கே மொழிபெயர்க்கும் லீசி நம் பேச்சில் சொன்னாள்.

“உங்கம்மாவுக்கு என்ன நோய் இருந்துச்சுன்னு கேக்கறா.”

“ஒரு நோயும் இல்ல. பல்லுதான் சொத்தை.”

“எங்க இருக்காங்களாம்?”

“இக்காலுயிட்ல. நர்ஸ் படிப்புக்குப் போயிருக்காங்க.”

“வயசு?”

“இருபத்தொண்ணு.”

அந்தப் புதுப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள். லீசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்துவிட்டு விளக்கம் சொன்னாள். இவங்க செத்துப்போன அம்மா பேரை மகளுக்கு வெச்சாங்க, பேர் வந்தா ஆளும் வந்த மாதிரி, அதனால மகதான் இவங்களுக்கு அம்மா என்றாள். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. காலியாக விட்டுவிட்டாள்.

விமானத்தில் உலர்ந்த மீன் அனுப்பியிருக்கிறேன். யாருக்கும் பங்கு போடாதே.

உன் மகள்,
கீலா


இக்காலுயிட்
அக்டோபர் 9, 2003

என் மகள் கீலாவுக்கு, உன் அம்மா ஊலிபிக்கா எழுதுவது.

நான் நலம். முழங்காலுக்கு அந்தப் பெண் கொடுத்த மருந்தைத் தடவு, டப்பாவை அலமாரியில் அழகுக்கு வைக்காதே. மீனைப் பங்கு போட்டுவிட்டேன். அறையில் இரண்டு பேர் இருக்கிறார்கள், மூக்கும் இருக்கிறது, எப்படி ஒளிப்பது?

வேதியியல் பாடம் கடினம். ஆனால் இந்த ஒரு வருடப் பாடங்களை முடித்தால்தான் நர்ஸ் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியும். படிப்பு நான்கு வருடம். இரண்டு இடங்களுக்குப் போடலாம் என்று டீச்சர் சொல்கிறார். ஒன்று இங்கேயே, இக்காலுயிட்டில். மற்றது தெற்கே, அப்பா கடைசியாகப் படுத்திருந்த ஏரிக்கரை ஊரில்.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கட்டிலில் ஒரு தாள் தொங்கியது. ‘பேச மறுக்கிறார்’ என்று எழுதியிருந்தார்கள். அப்பாவா, நம் ஜேபிட்டியா? தூண்டிலில் மாட்டிய மீனிடம்கூட நலம் விசாரிப்பாரே! அவர் பேசியிருப்பார். கேட்க அங்கே ஆள் இல்லை. நம் ஊர்களில் பெரிய நோய் வந்தவர்களை எல்லாம் அந்த வார்டுக்குத்தான் ஏற்றிப் போகிறார்கள். அங்கே நம் பேச்சுத் தெரிந்தவள் ஒருத்தியாவது வேண்டாமா?

நீ என்ன சொல்கிறாய்? இங்கேயா, அங்கேயா?

உன் அம்மா,
ஊலிபிக்கா


பாங்னிர்துங்
நவம்பர் 2, 2003

என் அம்மா ஊலிபிக்காவுக்கு, கீலா எழுதுவது.

சுகம். கடல் இன்னும் சரியாக உறையவில்லை. சைலா ஒரு கடல்நாய் கொண்டுவந்தான். தோலைச் சுரண்டிக் காயப் போட்டிருக்கிறேன், உனக்குக் காலணி தைக்க.

நீ கேட்டதற்கு நான் என்ன சொல்வேன்? நீ என் அம்மா. நீ சொல்வதை நான் கேட்பதுதான் முறை.

தெற்கே காலணிக்கு அடியில் கடல்நாய்த் தோல் வழுக்குமா என்று மட்டும் எழுது. அங்கே ஈரம் அதிகம் என்பார்கள்.

உன் மகள்,
கீலா


இக்காலுயிட்
டிசம்பர் 12, 2003

என் மகள் கீலாவுக்கு,

நலம். கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லை என்று வருத்தப்படாதே. பரீட்சை முடிவதற்குள் விமானம் நிறைந்துவிட்டது. சைலாவுக்கு, அதுதான் என் பெரிய மகனுக்கு, ஒரு கம்பளித் தொப்பி அனுப்பியிருக்கிறேன். நாற்பத்தேழு வயதில் அவனுக்குத் தொப்பி வாங்கித் தர எனக்குத்தானே கடமை.

இரண்டு இடத்துக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது என்று சான்று கேட்கிறார்கள். கையில் ஓர் ஊசி போட்டார்கள். வேறொன்றும் இல்லை.

காலணி எங்கேயும் வழுக்காது, நீ தைத்தால்.

தெற்கு என்றதும் உன் கடிதம் சின்னதாகிவிட்டது. ஏன்?

உன் அம்மா,
ஊலிபிக்கா


பாங்னிர்துங்
ஜனவரி 11, 2004

என் அம்மா ஊலிபிக்காவுக்கு, கீலா எழுதுவது.

நான் சுகம். சைலா தொப்பியைக் கழற்றுவதே இல்லை. சர்ச்சுக்குள்ளும் போட்டுக்கொண்டு வந்தான். பாதிரியார் முறைத்ததற்கு, “எங்கம்மா குடுத்தது, அவங்க சொன்னாத்தான் கழட்டுவேன்” என்றான். நீ எழுதினால்தான் தீரும்.

உன் கடிதத்தை லீசியிடம் சொன்னேன்.

“ஊசி போட்டாங்களா? அது சும்மா ஊசி இல்ல கீலா. நெஞ்சு நோய் இருக்கான்னு பாக்கற ஊசி. வீங்கிச்சுன்னா நெஞ்சைப் படம் எடுப்பாங்க.”

“வீங்கலைன்னா?”

“வீங்கலைன்னா அதை ஏன் உனக்கு எழுதப் போறா?”

அவள் வாயை நூலால் தைக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. உன்னைப் படம் எடுத்தார்களா? கண்ணாடி போன்ற பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கச் சொன்னார்களா? எடுத்த பிறகு உன்னை வெளியே விட்டார்களா?

உடனே எழுது.

உன் மகள்,
கீலா


பாங்னிர்துங்
பிப்ரவரி 8, 2004

என் அம்மாவுக்கு,

பதில் இல்லை. காற்று பலமாக இருந்ததால் விமானம் இரண்டு முறை மேலேயே சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. அதனால்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். நேற்று விமானம் இறங்கியது. தபாலில் உன் கடிதம் இல்லை.

உன் கையை எனக்காகப் பார். புறங்கையில் யாராவது மசியால் ஏதாவது எழுதியிருக்கிறார்களா? எழுதியிருந்தால் உடனே கழுவு. சோப்பில் போகாவிட்டால் கொழுப்பைத் தேய்.

காலணி தைத்து முடித்துவிட்டேன். அனுப்பவில்லை.

கீலா


இக்காலுயிட்
மார்ச் 3, 2004

என் மகள் கீலாவுக்கு, உன் அம்மா எழுதுவது.

முதலில் இதைப் படி: நான் நலம். இருமல் இல்லை. யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. புறங்கையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கை வீங்கியது உண்மை. நெஞ்சைப் படம் எடுத்தார்கள், அது சுத்தமாக இருக்கிறது. காசநோய்க் கிருமி உள்ளே தூங்குகிறது, எழுப்பாமல் கொல்ல வேண்டும் என்றார் டாக்டர். ஒன்பது மாதம் தினமும் மாத்திரை. என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது, படிக்கவும் தடை இல்லை. என் வகுப்பிலேயே இன்னும் இரண்டு பேர் விழுங்குகிறார்கள். சொன்னால் பயப்படுவாய் என்று மறைத்தேன். மறைத்ததால் இன்னும் பயந்துவிட்டாய்.

இரண்டு இடத்திலும் என்னை எடுத்துக்கொண்டார்கள். இரண்டிலும்! மே மாதக் கடைசிக்குள் ஒன்றுக்குச் சரி என்றும் மற்றதற்கு வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும்.

இனி எழுதப்போவதற்குக் கோபிக்காதே. சின்ன வயதில் நான் கேட்டது எதையும் நீ மறுத்ததில்லை. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றேன். “அம்மாவுக்கு இஷ்டமில்லையாம்” என்று அப்பாவிடம் சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொண்டாய். சாப்பாட்டுக்குப் பதில் மிட்டாய் கேட்டேன், கொடுத்தாய். என் கடைவாய்ப் பற்கள் போனது அப்படித்தான். மற்ற பிள்ளைகளை அவர்களுடைய அம்மாக்கள் திட்டும்போது எனக்கு ஏக்கமாக இருக்கும். வேறு யாருக்கோ தைத்த மேலங்கிக்குள் நான் வளர்ந்தேன். கதகதப்பாகத்தான் இருந்தது. கையை வெளியே எடுக்க வழி இல்லை.

ஒரே ஒரு தடவை என்னை உன் மகளாக நினைத்துச் சொல். போ என்று சொல். இல்லை, போகாதே என்று சொல். எது சொன்னாலும் கேட்கிறேன்.

ஊலிபிக்கா


பாங்னிர்துங்
ஏப்ரல் 18, 2004

என் அம்மா ஊலிபிக்காவுக்கு, கீலா எழுதுவது.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. ரொட்டி மாவு பிசைவேன், உன் கடிதத்தை எடுப்பேன், கை மாவாக இருக்கிறது என்று வைத்துவிடுவேன்.

உனக்கு இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. கோடையில் டாக்டர் கப்பல் வந்து ஊருக்கு எதிரே நின்றது. எல்லோரையும் படகில் ஏற்றிப் போய் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஆப்பிள் கொடுத்தார்கள். எங்களுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. அம்மாவின் மேலங்கியில் பிள்ளையைச் சுமக்கும் முதுகுக் குல்லாய்க்குள் கைக்குழந்தை சைலா தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளைக்காரர் அம்மாவின் புறங்கையில் மசியால் ஏதோ எழுதினார். அம்மா சிரித்துக்கொண்டே எங்களிடம் காட்டினாள். அது என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

படகில் இறங்கும்போது அப்பாவையும் என்னையும் விட்டார்கள். அம்மாவை விடவில்லை. யாரும் அடிக்கவில்லை, கத்தவில்லை. வாசலில் நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான். பிறகு ஒருவர் குல்லாய்க்குள்ளிருந்து சைலாவைத் தூக்கி மேலிருந்து என் கையில் கொடுத்தார். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெறுங்குல்லாய் முதுகில் தொங்கியது. அவள் வாய் அசைந்தது. இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை.

அடுத்த வருடம், ஊர்க் கடை நடத்திய கம்பெனிக்காரர் வீட்டு ரேடியோவில் அம்மாவின் குரல் வந்தது. தெற்கே ஆஸ்பத்திரியில் இருந்தவர்களைப் பேச வைத்து ரேடியோவில் போட்டார்கள். “நான் குண்டாயிட்டேன். இங்க எல்லாப் பக்கமும் மரமா நிக்குது, தூரம் பாக்க முடியல. பசங்களுக்குக் காலணி பத்துதா?” என்றாள். அப்பா ரேடியோவிடம், “பத்துது, பத்துது, நீ எப்ப வர்றே?” என்று கேட்டார். அதற்குள் வேறு ஒரு பெண் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கோடைதோறும் கப்பல் வரும். நானும் சைலாவும் கரையில் நிற்போம். அப்பா கூப்பிட்டாலும் வீட்டுக்கு வரமாட்டோம். குளிரில் பல் கிட்டித்துப்போகும். இறங்குகிறவர்களில் அவள் இருக்கமாட்டாள். மூன்றாவது கோடையில் மாலுமி ஒருவர், அவள் இனி இல்லை என்று கையை விரித்துக் காட்டினார். எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அவளைக் கொண்டுபோனது அந்த ஏரிக்கரை ஊருக்குத்தான். உன் அப்பாவையும் அங்கேதான் கொண்டுபோனார்கள்.

நீ பிறந்து அவள் பேரை உனக்கு வைத்த நாளிலிருந்து கப்பல் சத்தம் கேட்டால் நான் சன்னலுக்குப் போவதில்லை. அவள் வந்துவிட்டாளே.

இப்போது அதே ஊர், அதே பேர், நெஞ்சில் அதே நோய். நான் உன்னைப் போ என்று எப்படிச் சொல்வேன்? போகாதே என்று அம்மாவிடம் சொல்ல நான் யார்? உன்னை மகளே என்று கூப்பிட்டால் அவள் எங்கே போவாள்?

என்னால் இரண்டும் ஆகவில்லை. என்னை விட்டுவிடு.

உன் மகள்,
கீலா


இக்காலுயிட்
மே 17, 2004

என் மகள் கீலாவுக்கு, உன் அம்மா ஊலிபிக்கா எழுதுவது.

நான் மிகவும் நலம். இங்கேயே படிக்கப் போகிறேன். நல்ல படிப்பு. சின்ன வகுப்பு, ஆசிரியர்கள் அன்பானவர்கள். தங்கும் அறைகூட மாறப்போகிறது, சன்னலிலிருந்து வளைகுடா தெரியும். விடுமுறைக்கு ஒரு மணி நேரத்தில் பறந்து வந்துவிடலாம். மாதக் கடைசியில் தெற்குக்கு வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிடுவேன். எழுதித் தயாராக வைத்திருக்கிறேன்.

எனக்குச் சந்தோஷம்தான். சைலாவைத் தொப்பியைக் கழற்றித் துவைக்கச் சொல்.

உன் அம்மா,
ஊலிபிக்கா


பாங்னிர்துங்
மே 27, 2004

என் மகள் ஊலிபிக்காவுக்கு, உன் அம்மா கீலா எழுதுவது.

நான் சுகமாக இல்லை. அதனால் சுகம் என்று எழுதவில்லை.

விமானத்துக்குக் காத்திருந்தால் மாதம் முடிந்துவிடும். நர்ஸ் வீட்டில் தாளை உள்ளே விட்டால் அங்கே வெளியே வரும் என்று ஒரு மெஷின் இருக்கிறதே, அதில் அனுப்பச் சொல்லி லீசியிடம் வந்திருக்கிறேன். அவள் படிப்பாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் படித்துவிடும். படிக்கட்டும். இங்கேயே உட்கார்ந்து எழுதுவதை எட்டிப் பார்த்து முதல் வரியிலேயே கத்திவிட்டாள்.

“ஐயோ கீலா, ஆளை மாத்தி எழுதிட்டே!”

“மாத்தித்தான் எழுதினேன். முடிச்சதும் அனுப்பு.”

“பாவம் கீலா. பேருக்கு மரியாதை வேண்டாமா? உங்கம்மாவை நீயே விரட்டற மாதிரி இருக்கு.”

“மெஷின்ல தாளைப் போடறியா, இல்ல நானே போடட்டுமா?”

சைலாவிடம் நேற்றே சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “அப்ப எனக்கு அம்மா இல்லையாக்கா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். இன்று டீக்கு வரவில்லை.

உன் கடிதத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்விகூட இல்லை. நீ எழுதும் கடிதத்தில் எப்போதும் கேள்வி இருக்கும். நான் சாப்பிட்டேனா என்றுகூட நீ கேட்கவில்லை. நாலு தடவை படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அன்று கப்பலில் அம்மாவைப் போகாதே என்று யாரும் வாயால் சொல்லவில்லை. வாசலில் நின்றார்கள். நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

மகளே. எழுதிவிட்டேன். எழுத்து கோணலாக வந்திருக்கும்.

மகளே, போ. உன் அப்பா பேசியதைக் கேட்க ஆள் இல்லாத இடத்துக்குப் போ. வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறாயே, அதை அடுப்பில் போடு. மாத்திரையை ஒரு நாள்கூட விடாதே. விட்டாய் என்று தெரிந்தால் விமானம் ஏறி வந்து முதுகில் ரெண்டு வைப்பேன். மிட்டாய் தின்னாதே. ஈரத் தலையோடு வெளியே போகாதே. உன்னைத் திட்டுவது இதுதான் முதல் தடவை. இருபத்தொரு வருடத்தை ஒரே தாளில் திட்ட முடியவில்லை, லீசி இரண்டாவது தாள் தரமாட்டேன் என்கிறாள்.

காலணியை நாளை விமானத்தில் அனுப்புகிறேன்.

உன் அம்மா,
கீலா


ஏரிக்கரை ஊர்
செப்டம்பர் 6, 2004

என் அம்மா கீலாவுக்கு, உன் மகள் ஊலிபிக்கா எழுதுவது.

நீ சாப்பிட்டாயா? முழங்கால் எப்படி இருக்கிறது? சைலா மாமா டீக்கு வருகிறாரா?

நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். என் அறைச் சன்னலைத் திறக்க முடியாதபடி திருகாணி போட்டு வைத்திருக்கிறார்கள். திறந்தாலும் எல்லாப் பக்கமும் மரம், தூரம் பார்க்க முடியவில்லை. வகுப்பில் வேகமாகப் பேசுகிறார்கள். முதல் வாரம் குளியலறைக்குள் போய் அழுதேன். திரும்பி வர விமானம் எப்போது என்றும் விசாரித்தேன். உன்னிடம் இனி மறைக்கப்போவதில்லை.

மாத்திரை தினமும் போடுகிறேன். மிட்டாய் ஒரே ஒரு தடவை.

முதல் வருடத்தில் நோயாளியைத் தொடக்கூடாது. ஆனாலும் நேற்று அப்பா இருந்த வார்டுக்குப் போனேன். நம் பக்கத்துக் கிழவர் ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, “எந்த ஊருங்க?” என்றேன், நம் பேச்சில். அவர் உடனே திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, “உனக்கு யார் பேரு வெச்சாங்க?” என்று கேட்டார்.

“ஊலிபிக்கா.”

“எந்த ஊலிபிக்கா?”

“பாங்னிர்துங் ஊலிபிக்கா. கப்பல்ல வந்தவங்க.”

மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார், நீ தைத்த காலணியை. அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தவர் நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பும்வரை நிறுத்தவில்லை.

கோடையில்தான் வர முடியும். அதுவரை நான் உன் மகள், திட்டி எழுது. ஆனால் கீழே உள்ள வரிகள் மட்டும் கப்பலில் போன உன் அம்மாவுடையவை. மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் படித்துக் காட்டு.

பிள்ளைகளா, நான் வந்து சேர்ந்துவிட்டேன். கரையில் நிற்காதீர்கள், குளிர்கிறது. வீட்டுக்குப் போங்கள்.

ஊலிபிக்கா